மேட்டுக்காட்டுக்கு வராத ரேடார்

இன்று காலை மாடிப்படி ஏறி ஒரு லாரி டிரைவர் வந்து நின்றார். கையில் ஒரு முட்டை அட்டை. அதன்மேல் இன்னோர் அட்டையைக் கவிழ்த்துச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. "மேட்டுக்காட்டுப் பெரியவரு குடுத்துவுட்டாருங்க அம்மணி. நாமக்கல்லுல இருந்து மெட்ராஸ் வரைக்கும் ஒண்ணுகூட உடையலீங்க," என்றார். அடுக்களையில் கயிற்றை அவிழ்த்ததும் வைக்கோலும் கோழித் தீவனமும் கலந்த அந்த வாசனை வந்தது. உங்களை நினைத்துக்கொள்ள எனக்கு மாலை போட்ட படம் தேவைப்படுவதில்லை, கோழித் தீவனம் போதும். இதைக் கேட்டால் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

உங்கள் அண்ணன் முட்டையோடு ஒரு கேள்வியையும் அனுப்பியிருக்கிறார். சரக்கை இறக்கிவிட்டுச் சாயங்காலம் பதில் வாங்கிக்கொள்வதாக டிரைவர் சொல்லிப் போனார். கேள்வி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உங்களுக்குத்தான் இனி அவசரம் ஒன்றும் இல்லையே.

எனக்கு மடல் எழுதிப் பழக்கமில்லை. கூட்டக் குறிப்பு எழுதித் தேய்ந்த கை இது. அந்தப் பழக்கத்துக்கும் பாதிக் காரணம் நீங்கள்தான்.

எழுபதுகளின் பின்பாதியில் நம்மைச் சேர்த்துவைத்த அந்தக் குழுவுக்கு ஒரு மூச்சில் சொல்ல முடியாத பெயர். சேலம் வட்டாரத்துக்கு வானிலை ரேடார் வேண்டுமா, எந்த வகை, எங்கே வைப்பது, அதில் தெரிவதை யாருக்குச் சொல்வது என்று அரசுக்கு ஆலோசனை கூறும் பல துறைக் கூட்டுக் குழு. நீங்கள் அதை "நம்ம மழைக் கமிட்டி" என்பீர்கள். நான் வானிலைத் துறையின் ரேடார் பொறியாளர், சென்னையிலிருந்து ரயிலில் வருவேன். நீங்கள் நீர்ப்பாசனப் பொறியாளர், குழுவின் செயலர். வேளாண்மை, மின்சாரம், விமானப் போக்குவரத்து, வருவாய் ஆகிய துறைகளிலிருந்தும் ஆள் வருவார்கள். ஆள் என்றுதான் சொல்ல முடியும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு முகம் வரும். போன முறை முடிவு செய்ததைப் புதிதாக வந்தவர் முதலிலிருந்து கேட்பார். நான் பல்லைக் கடிப்பேன். நீங்கள் அலுக்காமல் மறுபடி சொல்வீர்கள்.

குழுவுக்கு எதையும் வாங்கும் அதிகாரம் இல்லை, யாருக்கும் உத்தரவு போடும் உரிமையும் இல்லை. "பரிந்துரைக்கலாம் என்று குழு கருதுகிறது" என்ற வாக்கியம்தான் நம் ஆயுதம். எனக்கு அது ஆயுதமாகவே தோன்றவில்லை. நேரே சொல்லிவிட்டால் என்ன என்று முதல் நாளே கேட்டேன். "யாரு பேச்சையும் வெட்டாதீங்க அம்மணி. இங்க வெட்டுனா அவங்க ஆபீசுல போயி அது எழுத்துல வளரும்," என்றீர்கள். அதற்குப் பிறகு நான் வெட்டவில்லை என்று சொல்ல முடியாது. குறைத்துக்கொண்டேன்.

உங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே கேள்வியோடு தொடங்குவீர்கள். "நாளைக்குக் காலையில மிசின் வந்துருச்சுன்னு வெச்சுக்குங்க. மேக்க பெரிய மழை கட்டிட்டு வர்றது திரையில தெரியுது. உங்க துறை என்னங்க பண்ணும்?" பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். வேளாண்மைக்காரர் வானொலியில் மாலை நிகழ்ச்சியில் சொல்வோம் என்றார், மாலைக்குள் மழை பெய்து ஓய்ந்திருக்கும் என்பதை யோசிக்காமல். மின்சாரத்திலிருந்து வந்தவர் மட்டும் உடனே சொன்னார், "கம்பத்து மேல இருக்கிற லைன்மேனைக் கீழ இறங்கச் சொல்லுவேன் சார்." அதை நீங்கள் குறிப்பில் அப்படியே எழுதச் சொன்னீர்கள்.

நான் சும்மா இருக்காமல், "நீங்கள் என்ன செய்வீர்கள் சார்?" என்று உங்களையே மடக்கினேன். நீங்கள் ஏரி மதகு, வாய்க்கால் என்று ஏதோ சொல்லப்போகிறீர்கள் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். "மொதல்ல எங்கண்ணனுக்கு ஆளனுப்புவேனுங்க. காத்து வர்றதுக்கு முன்னாடி கொட்டாயை இழுத்துக் கட்டச் சொல்லி," என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. உங்களுக்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் அன்று தெரிந்தது.

எந்த வகை ரேடார் என்பதில் இரண்டு கூட்டம் போயிற்று. வானத்தை நோக்கி அலையை அனுப்பி, மழைத்துளியில் பட்டுத் திரும்புவதைத் திரையில் வெளிச்சமாகக் காட்டும் இயந்திரம் அது என்று நான் விளக்கினேன். அலை சிறியதென்றால் அதை வீசும் தட்டும் சிறியது, செலவு குறைவு, ஆனால் முன்னால் பெய்யும் கனமழையே அலையைத் தின்றுவிடும், பின்னால் வருவது தெரியாது. அலை பெரியதென்றால் மழையைத் துளைத்துப் பார்க்கும், ஆனால் தட்டைத் தாங்கவே ஒரு கோபுரம் கட்ட வேண்டும். சொல்லி முடித்ததும் விமானப் போக்குவரத்துக்காரர், "நடுவில ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. நடுவில் ஒன்று இருந்துவிட்டால் குழுவுக்கு அது குலதெய்வம் மாதிரி. நான் கோபத்தில் காகிதங்களை அடுக்கிக் கட்டினேன். நீங்கள் மெதுவாக, "இந்த ஊரு இடிமழையில நடு மிசின்ல மழைக்குப் பின்னாடி எவ்வளவு தெரியுமுங்க அம்மணி?" என்று கேட்டு, பதிலை என் வாயாலேயே சொல்ல வைத்தீர்கள். பெரிய அலை என்று முடிவாயிற்று. அது என் வெற்றி என்று அன்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

பிறகு இடம் பார்க்கப் போனோம். முதலில் அயோத்தியாப்பட்டணம். அரசு நிலம், ஆத்தூர் ரோட்டை ஒட்டி, ஜீப் நேரே போய் நிற்கும். வருவாய்த் துறைக்காரருக்கு மிகவும் பிடித்துவிட்டது. வடக்கே சேர்வராயன் மலை சுவர் எழுப்பியதுபோல் நின்றது, தெற்கேயும் மலை. ரேடாரின் அலை மலைக்குள் போகாது, மலைக்குப் பின்னால் இருக்கும் மழை நமக்குத் தெரியாது என்று சொன்னேன். "மலை இல்லாத பக்கமாத் திருப்பி வெச்சுக்கலாமே," என்றார் அவர். நீங்கள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "மலையை நகத்தற வேலை எந்தத் துறைக்குங்க வருது?" என்று கேட்டீர்கள். அவர் யோசிக்க ஆரம்பித்தார் என்பதுதான் வேடிக்கை.

மேற்கே திருச்செங்கோட்டுப் பக்கமும் தெற்கே நாமக்கல் பக்கமும் இரண்டு மூன்று மேடுகளைக் காட்டினீர்கள். அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். ஒவ்வொன்றிலும் தியோடலைட்டை நிறுத்தி, தொடுவானத்தில் எது எவ்வளவு உயரம் எழுகிறது என்று சுற்றிலும் கோணம் அளந்தேன். எதுவும் தேறவில்லை. திரும்பும் வழியில் ஜீப்பிலிருந்து பார்த்தபோது சாலைக்கு மேற்கே நீளமாக ஒரு மேடு தெரிந்தது. உச்சியில் ஒற்றை வேம்பு, சுற்றிலும் நிலக்கடலை, மறைப்பு என்று ஒன்றுமில்லை. "அதற்கு ஏன் சார் போகவில்லை?" என்றேன். "அது பட்டாக் காடுங்க," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தீர்கள். பட்டா நிலமாக இருந்தால் என்ன, அளக்கக் கூடாதா என்று நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

மேலே ஏறியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மேற்கே காவிரி வரைக்கும் திறந்த வெளி. தெற்கும் வடக்கும் அப்படியே. கிழக்கே கொல்லிமலை மட்டும் ஒரு துண்டை மறைத்தது. காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. வேம்படியில் ஒருவர் மூங்கிலை வெட்டிக் குழியில் நட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வேலையை விட்டு, சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். என்ன கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "கோழிக் கொட்டாயிங்க அம்மணி. கோழிக்கு நாலு பக்கமும் காத்து வரோணுமுங்க. இந்த மேட்டுல மாதிரி காத்து எங்கீம் வராதுங்க," என்றார். ரேடாருக்கு எது வேண்டுமோ அதேதான் கோழிக்கும் வேண்டியிருந்தது. அப்போது அவர் என் தோளுக்குப் பின்னால் தள்ளி நின்ற உங்களைப் பார்த்தார். "ஏஞ்சாமி, அண்ணங்காட்டுக்கு வந்துட்டு அந்நியனாட்டம் அங்க நிக்கறே?" என்றார்.

மோர்ச் சொம்பை நான் கீழே வைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் அந்த மேட்டைப் பற்றிய பேச்சு வந்ததும் நீங்கள் எழுந்து நின்றீர்கள். "அது எங்கண்ணன் காடுங்க. இதுல நான் வாயத் தொறக்கறது மொறையில்லை. குறிப்பையும் அம்மணியே எழுதிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். வருவாய்த் துறைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் கண்ணைக் காட்டினார். தம்பி சாமர்த்தியமாக அண்ணனுக்கு நல்ல விலை வாங்கித் தருகிறார் என்று அதற்கு அர்த்தம். எனக்கு மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை அவர்மேல் எறியலாம் போல இருந்தது.

கூட்டம் முடிந்து நான் கோணங்களை எழுதிக்கொண்டிருந்தபோது, பயணியர் மாளிகை வராந்தாவுக்கு வந்து நின்றீர்கள். கணக்கை மாற்றச் சொல்லிக் கேட்க வந்திருப்பீர்களோ என்று பயந்தேன். அந்த மேட்டின் கணக்கில் ஒரு டிகிரியைக் கூட்டிப் போட்டால் போதும், அந்த இடம் விழுந்துவிடும். ஒருவரும் மறுபடி ஏறி அளக்கப்போவதில்லை.

"அளந்தது என்னவோ அதையே எழுதுங்க அம்மணி," என்றீர்கள். "அதைவிட நல்ல எடம் இல்லைன்னு எனக்கும் தெரியுமுங்க. அதுதான் கஷ்டம். நான் கேக்க வரலீங்க. கேட்டுருவனோன்னு பயந்துட்டுத்தான் வந்தேன். நான் இங்க நிக்கறப்பவே எழுதி முடிச்சிருங்க."

எழுதினேன். நீங்கள் கடைசி வரிவரைக்கும் நின்றீர்கள். எனக்கு அதுவரை உங்களைப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து மதித்தேன்.

அறிக்கை போயிற்று. மேட்டுக்காடு "அரசுக்குத் தேவைப்படலாம்" என்று குறிக்கப்பட்டது. எடுத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடவும் இல்லை. அந்தக் குறிப்பால் உங்கள் அண்ணனுக்குக் கொட்டகை கட்டக் கடன் கிடைக்கவில்லை. கிணறு வெட்ட அனுமதி கிடைக்கவில்லை. நட்ட மூங்கில் அப்படியே நின்று கறையானுக்குப் போனது. சுற்றிலும் ஊரெல்லாம் கோழிப்பண்ணை வந்தது, அவருடைய மேட்டில் நிலக்கடலைதான். ரேடார் வருகிறது, வருகிறது என்றார்கள். பிறகு வேறொரு குழு, வேறு நிபுணர்கள். புயல் வரும் கடற்கரைக்குத்தான் முதலில் தேவை என்று அவர்கள் கருதினார்கள். அதையும் தவறென்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கடற்கரை ரேடாரில்தான் எனக்கு வேலை போட்டார்கள்.

உங்கள் மகள் கல்யாணத்துக்கு நான் வந்திருந்தேன். உங்கள் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா செய்ய வேண்டிய சீர் எதிலும் குறை வைக்கவில்லை. பந்திக்கு அழைத்தபோது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன்," என்று நடந்துவிட்டார். உங்கள் பக்கத்தில் கை நனைக்காமல் போவதற்கு என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பந்தலில் இருந்த எல்லோரும் சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நாள், கெட்ட நாள் எல்லாவற்றுக்கும் வருவார், உங்கள் வீட்டுச் சோற்றைத் தொடமாட்டார் என்று உங்கள் மனைவி சொன்னார்.

அண்ணனிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள், அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று சொல்லுங்கள் என்றேன். "குழுவுல பேசுனதை ஊட்டுல பேசக்கூடாதுங்க அம்மணி. பேசுனா அப்புறம் அது குழுவா?" என்றீர்கள். இந்த விஷயத்தில் உங்கள் நேர்மைமேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்றும் வருகிறது.

நிலத்தை விடுவிக்கவும் வழி ஒன்றுதான் இருந்தது. ஆலோசனை சொன்ன குழுவே கூடி அதைத் திரும்பப் பெற வேண்டும். எண்பதுகளில் அதற்காக நீங்கள் அலைந்ததைப் பார்த்தேன். பழைய ஆட்கள் மாறிப்போயிருந்தார்கள், அப்படி ஒரு குழு இருந்ததே சில துறைகளுக்கு நினைவில்லை. ஒவ்வோர் அலுவலகமாக ஏறி, ஒரு நாளைக்கு ஓர் ஆளை அனுப்பி வையுங்கள் என்று கேட்டீர்கள். ஒருவழியாகக் கூட்டம் கூடியது. வழக்கம்போல, "நாளைக்குக் காலையில மிசின் வந்துருச்சுன்னு வெச்சுக்குங்க," என்று தொடங்கினீர்கள். வராது என்று தெரிந்தே கேட்டீர்கள். மேட்டுக்காடு பற்றிய பேச்சு வந்ததும் மறுபடியும் அண்ணன் காடு என்று சொல்லி நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டீர்கள். அந்த அறையில் அதைப் பற்றி அக்கறைப்பட்ட ஒரே ஆள் நீங்கள்தான், பேசக் கூடாத ஒரே ஆளும் நீங்கள்தான். நான் எழுந்து இரண்டு வரி படித்தேன். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் எல்லோரும் தலையசைத்தார்கள். ஒதுக்கும்போது அத்தனை கோணம் அளந்தோம். விடுவிக்கும்போது ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

மேட்டில் கொட்டகைகள் எழுந்தன. நீங்கள் சாலையிலிருந்தே அவற்றைப் பார்த்துவிட்டுப் போவீர்கள் என்று கேள்விப்பட்டேன். போன வருடம் ஒரு காலை வேளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான் நீங்கள், எழுந்திருக்கவில்லை. தகவல் எனக்குத் தாமதமாக வந்தது. காரியம் முடிகிற நாளுக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

உங்கள் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். குழு கலைந்துவிட்டது, செயலரும் இல்லை, இனி யாருக்காக ரகசியம் என்று அவரை ஓரமாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மேட்டைக் காட்டியது நான், உங்கள் தம்பி அதில் ஒரு வார்த்தை பேசவில்லை என்றேன்.

"தெரியுமுங்க அம்மணி. அவன் வாயே தொறக்கலீன்னு அப்பவே ஒருத்தரு வந்து சொன்னாருங்க. அதுதானுங்க எனக்கு ஆறல. காடு போனாப் போகட்டுமுங்க, கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். எனக்காவ ஒரு வார்த்தை, எங்கண்ணன் கொட்டாயி போட மூங்கில் வெட்டி வெச்சிருக்கறான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?"

எத்தனையோ கூட்டங்களில் எதிர்வாதம் பேசியவள், அங்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவரே, "வாங்க, கை நனைச்சுட்டுப் போங்க," என்று உள்ளே அழைத்துப்போனார். எனக்கு இலை போடச் சொன்னார். பக்கத்தில் தனக்கும் ஓர் இலை போடச் சொல்லி உட்கார்ந்தார். உங்கள் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டார். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் உங்கள் வீட்டில் சாப்பிட்டார். நான் அழுதுவிட்டேன். அன்று ஆரம்பித்ததுதான் இந்த முட்டை அட்டைகள்.

இப்போது அவருடைய கேள்விக்கு வருகிறேன். டிரைவர் காலையில் சொன்னபடியே எழுதுகிறேன். "போன வாரம் கோடை மழைக் காத்துல மேட்டுக்காட்டுல ரெண்டு கொட்டாயி சாஞ்சு போச்சுங்க. கோழி நெறையப் போச்சு. அந்தக் காத்து வர்றது அம்மணியோட மிசின்ல முன்னாடியே தெரிஞ்சிருக்குமான்னு பெரியவரு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க."

நாளைக்குக் காலையில் இயந்திரம் வந்துவிட்டால் முதலில் அண்ணனுக்கு ஆளனுப்புவேன் என்று நீங்கள் சொன்னதை நான் அன்று குறிப்பில் எழுதவில்லை. பகல் முழுவதும் அந்த எழுதாத வரிதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கிருந்து தெரியாது, எங்கள் தட்டு கடலைப் பார்க்கிறது, உங்கள் ஊர் தொலைவு என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கலாம். பொய்யில்லை. வயதானவர், கோழிகளைப் பறிகொடுத்திருக்கிறார், அவரைப் புண்படுத்தாமல் முடிந்திருக்கும். அப்படித்தான் முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்றில் எழுதினேன்.

"ஐயா, இங்கிருந்து தெரியாது. உங்கள் மேட்டிலிருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கொட்டகை எங்கே இருந்தாலும் இழுத்துக் கட்ட நேரம் கிடைத்திருக்கும். அதற்காகத்தான் உங்கள் தம்பி அன்று வாய் திறக்கவில்லை."

சாயங்காலம் டிரைவர் வந்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேனுங்க அம்மணி," என்று இறங்கிப் போனார். படித்துவிட்டு உங்கள் அண்ணன் இனி முட்டை அனுப்புவாரோ மாட்டாரோ, தெரியாது. அளந்தது என்னவோ அதையே எழுதியிருக்கிறேன்.